உள்பக்கமாகத் திறக்கும் கதவு

மார்ச் 3, திங்கள்

இருபத்தாறு வருடமாகக் கட்டடம் வரைந்து பிழைக்கிறவன், தன் வீட்டுப் படிக்கட்டிலேயே உருண்டு விழுந்தால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். கைப்பிடி இல்லாத படிக்கட்டு. கைப்பிடி வைத்தால் அழகு கெட்டுவிடும் என்று வீடு கட்டும்போது சொன்னவன் நான். "ஏங்க, புடிச்சுக்க ஒண்ணுமில்லாம எப்படி எறங்கறது?" என்று சுகந்தி அப்போதே கேட்டாள். "நம்பிக்கையோட எறங்கு" என்றேன். போன திங்கட்கிழமை காலையில் காபி டம்ளரோடும் நம்பிக்கையோடும் நானே இறங்கினேன். வலது கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. முட்டி வரை மாவுக்கட்டு.

படுக்கையறையும் கழிப்பறையும் மாடியில். என்னைத் தூக்கிச் சுமக்கச் சுகந்தியால் முடியாது. "அந்திவனத்துல மூணு வாரம் இருங்க. வீட்டைவிட வசதியா இருக்கும்னு மைக் புடிச்சுப் பேசுனீங்கல்ல?" என்றாள். பேசினேன்தான். தொண்டாமுத்தூர் சாலையில் மலையைப் பார்த்து நிற்கும் அந்த முதியோர் இல்லத்தை வரைந்தது நான். நாற்பது அறை. திறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் ஒரு கிழவர்கூட இல்லை. ஆள் இல்லாதபோதுதான் கட்டடம் அழகாக இருக்கும் என்று போட்டோகிராபரிடம் சொன்னவனும் நான்தான்.

ஒன்பதாம் நம்பர் அறை. ஐம்பத்திரண்டு வயதில் இங்கே நான்தான் குழந்தை. என்னைக் கவனிக்க வந்த ஆயா பெயர் மயிலாத்தாள். ஐம்பது வயது இருக்கும், கட்டையான உடம்பு, கட்டையான குரல்.

"நீங்கதானுங்களா இதக் கட்டுன இன்ஜினீயரு?"

"ஆர்க்கிடெக்ட்" என்றேன்.

"என்னவோங்க. இந்தக் கண்ணாடிச் சொவரத் தொடைக்கறப்பெல்லாம் உங்களத்தான் நெனச்சுக்குவேன். பேரு தெரியாமத் திட்டிட்டிருந்தேன். இனி பேரச் சொல்லியே திட்டலாமுங்க."

கழிப்பறைக் கதவு சாத்தாமல் இருக்க, கீழே ஒரு ரப்பர் செருப்பை மடித்துச் செருகியிருந்தாள். என் கதவில் செருப்பு! எடுக்கச் சொன்னேன். "வேண்டாஞ் சார். பதனோராம் நம்பர் அம்மா உள்ளார உழுந்து, கதவத் தொறக்க முடியாமப் போச்சுங்க. மூணு நாள்ல போய்ச் சேந்துட்டாங்க" என்றாள். 

எனக்குத் திடீரென்று பசித்தது. மதியச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டேன். பாசிப்பருப்புக் கடைசல்.

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிக் கிண்ணம் மாதிரி ஒரு வாஷ்பேசின் வைத்தேனே, அதில் முகம் கழுவினால் தண்ணீர் முழுவதும் மடியில் விழுகிறது.

மார்ச் 5, புதன்

எட்டாம் நம்பர் கந்தவேலு அய்யா அறிமுகமானார். அறிமுகம் என்றால், காலை பத்து மணிக்கு என் கட்டிலில் வந்து படுத்துக்கொண்டார். வயது எண்பத்தொன்று. மூளையில் ஒரு கோளாறும் இல்லை. எல்லாக் கதவும் ஒரே சாம்பல் நிறம், நம்பர் கட்டைவிரல் அளவு. அவருடைய கண்ணுக்கு அது தெரியாது. அடையாளத்துக்கு அவர் கதவில் துண்டு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார். இன்று துண்டு துவைக்கப் போயிருக்கிறது.

நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டியவர். நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நான் ஆயிரம் வண்டிக்கு மேல பாடி கட்டியிருக்கேன். டிரைவர் கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

"வெளிய" என்றேன்.

"ஏன்?"

"ஏன்?" என்று நானும் கேட்டேன்.

"வண்டி கவுந்தா ஆள வெளிய எடுக்கணுமில்ல. உள்ளார தொறந்தா அவன் உடம்பே அடைச்சுக்கும். லாரிக்கே அம்புட்டு ரோசனை பண்றோம். கக்கூசுக்குப் பண்ண மாட்டீங்களா?"

பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். ஏழு பேராம்.

அவர் விட்டபாடில்லை. பதினொன்றாம் நம்பரில் இருந்த வேதவல்லி அம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர், குரல் வெண்கலம். பிப்ரவரி 19-ஆம் தேதி காலை ஏழேகாலுக்குக் கழிப்பறையில் மயங்கிக் கதவின்மேலேயே சாய்ந்துவிட்டார். மயிலாத்தாள் தள்ளியிருக்கிறாள். தள்ளத் தள்ளக் கதவு அந்த அம்மாளைத்தான் நசுக்கியிருக்கிறது. கீலைக் கழற்றலாம் என்றால் கீலும் உள்ளே. ஆசாரி வந்து கதவை அறுக்க நாற்பது நிமிடம். நிர்வாகம் இப்போது, மயிலாத்தாள் அழைப்பு மணிக்கு உடனே போகவில்லை, அதனால்தான் தாமதம் என்கிறது. வரும் பதினேழாம் தேதி டிரஸ்ட் விசாரணை. அவளை வேலையைவிட்டு அனுப்பப்போகிறார்களாம்.

பணியாளர்களுக்குப் பயிற்சி போதாது என்று நான் பல கருத்தரங்குகளில் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, கழிப்பறையில் ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு வைத்தேன். அசைவு இல்லாவிட்டால் இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடும். காலைக்கடன் என்பது அசையாமல் செய்யும் காரியம் என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இன்று காலை இருட்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டினேன். எரிந்தது. அணைந்தது. ஆட்டினேன். நாற்பது அறையிலும் நாற்பது பேர் இதே நேரம் கோயில் யானைக்கு டாட்டா காட்டுவதுபோல் கையாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததும் சிரிப்பு தாங்கவில்லை. வெளியே மயிலாத்தாள் கேட்டாள்: "என்னங் சார், நல்லாப் போச்சுங்களா? சிரிக்கறீங்க?"

பிற்பகல் வாக்கரை ஊன்றி நடுமுற்றம் போனேன். ஜப்பானியக் கூழாங்கல் முற்றம். பத்திரிகைகள் இதைத்தான் அட்டையில் போட்டன. வாக்கர் கூழாங்கல்லில் இறங்காது, சக்கர நாற்காலியும் இறங்காது. ஒன்றரை வருடமாக அங்கே கால் வைத்த ஒரே ஜீவன் ஒரு பூனை. அது என்ன செய்ய வருகிறது என்று மயிலாத்தாள் சொன்னாள். அதை எழுத வேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

சுகந்தி வந்தாள். மீன் குழம்பு கொண்டுவந்தாள். மயிலாத்தாளும் அவளும் அரை மணி நேரம் வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இவங்க மக நர்சிங் ரெண்டாவது வருஷமாம். கவனக்குறைவால ஒரு உசுரு போச்சுன்னு பேரு வந்துட்டா, இவங்கள எந்த ஹோம்லயும் சேத்த மாட்டாங்களாம். உங்களுக்கு சேர்மனத் தெரியுமில்ல? ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"நிர்வாக விஷயம் சுகந்தி. நான் தலையிடக் கூடாது."

"அந்தக் கதவு விஷயம் என்ன?"

"எந்தக் கதவு?"

அவள் என்னைப் பார்த்தாள். இருபத்தி நாலு வருடத் தாம்பத்தியத்தில் அந்தப் பார்வையை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மீன் குழம்பில் புளி தூக்கல் என்று சொன்னேன். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 10, திங்கள்

மேனேஜர் பிரகதீஷ் வந்தான். முப்பத்திரண்டு வயது, கழுத்தில் அடையாள அட்டை, வாயில் பாதி இங்கிலீஷ்.

"சார், ட்ரஸ்ட் சைடுல உங்ககிட்ட ஒரு லெட்டர் கேக்கறாங்க. கதவு டிசைன்ல தப்பில்லன்னு ரெண்டே லைன். மயிலாத்தாகிட்டயும் ஒரு மன்னிப்பு லெட்டர் வாங்கிடறேன். அதோட ஃபைல் க்ளோஸ். அப்புறம் செகண்ட் பிளாக் டிராயிங்ல சேர்மன் சைன் போட்டுருவாரு."

இரண்டாம் கட்டடம் அறுபது அறை. இதே அறைதான், அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறோம். கழிப்பறை உட்பட.

தருகிறேன் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

கடிதம் எழுத உட்கார்ந்தேன். கால் வலி.

மார்ச் 12, புதன்

உண்மை என்ன என்பதை ஆராய்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆராய்ச்சி என்றால் இதுதான்: கழிப்பறையில் விழுந்து கிடக்கும் ஆள் கொஞ்சம் நகர்ந்தால் கதவு திறக்குமா, திறக்காதா? திறக்கும் என்று நிரூபித்துவிட்டால் கடிதத்தை நிம்மதியாக எழுதலாம்.

பகல் பதினொன்றரை. செருப்பை எடுத்துக் கதவைச் சாத்தினேன். மாவுக்கட்டுக் காலை நீட்டி மெல்லத் தரையில் படுத்தேன். என் உயரம் ஐந்தடி எட்டு. கழிப்பறை அகலம் ஐந்தடி. தலை கமோடின் அடியில், இடுப்பு கதவில், கால் சுவரில். அளவு மிகக் கச்சிதம். இவ்வளவு பொருத்தமாக வேறெந்த இடத்தையும் நான் வடிவமைத்ததில்லை.

எழுந்திருக்க முடியவில்லை.

பிடித்து எழுந்திருக்க ஏதாவது இருக்கிறதா என்று துழாவினேன். கைப்பிடிக் கம்பியைச் சுவரின் அழகு கெடாமல் மிக உயரத்தில் வைத்திருக்கிறேன். மணிக்கயிறு அதற்கும் மேலே. விளக்கு அணைந்தது. கையை ஆட்டினேன். தரையில் கிடப்பவனின் கை அந்தக் கருவியின் கண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது.

"மயிலாத்தா!" என்று கத்தினேன். ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை, கோவை மாவட்டத்தில் நாலு விருது வாங்கியவன், அம்மாவைக் கூப்பிடுவதுபோல் கத்தினேன்.

ஓடிவந்தாள். தள்ளினாள். கதவின் விளிம்பு இடுப்பு எலும்பில் ஏறியது. அலறிவிட்டேன். உடனே நிறுத்தினாள். ஒரு விரல் அளவு சந்து. அதில் வாயை வைத்துப் பேசினாள்.

"அட கெரகமே. சார், பயப்படாதீங்க. நாந் தள்ள மாட்டேன். நல்ல காலச் சொவத்துல ஊணி, கதவ உட்டுக் கொஞ்சங் கொஞ்சமா அக்கட்டால நவுருங்க. அவசரமில்ல. நா இங்கயேதான் இருக்கேன்."

நகர்ந்தேன். பத்து நிமிடம் ஆனது. அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள். அவள் மகள், அவள் ஆடு, பக்கத்து வீட்டுக்காரியின் சீட்டுச் சண்டை. சீட்டுச் சண்டையைப் பாதியில் விட்டாள்.

"அந்தம்மாவும் இப்பிடித்தானுங்க கெடந்தாங்க. ஆனா அவங்களுக்கு நவுர முடியல. 'தள்ளாத மயிலு, வலிக்குது'ன்னாங்க. நாந் தள்ளல. தள்ளியிருந்தா இடுப்பு ஒடிஞ்சிருக்கும், ஆனா சீக்கிரம் வெளிய எடுத்திருக்கலாம். எது சரீன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியலீங்க."

கதவு திறந்ததும் என்னைத் தூக்கி உட்காரவைத்து முகம் துடைத்தாள். "உள்ளார போயி எதுக்குங்க படுத்தீங்க?" என்று கேட்டாள். வழுக்கிவிட்டது என்றேன்.

மார்ச் 13, வியாழன்

ஆராய்ச்சி முடிவு: திறக்காது.

எனக்கு அது தெரியும். ஆராய்ச்சியெல்லாம் வெறும் பம்மாத்து. இன்று லேப்டாப்பைத் திறந்து பழைய வரைபடங்களைப் பார்த்தேன். மூன்றாவது திருத்தத்தில் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்கிறது. என் ஆபீசில் இருந்த நிலோஃபர் வரைந்தது. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் குறிப்பு வேறு: 'முதியவர் விழுந்தால் வெளியிலிருந்து திறக்க வேண்டும்.' நான்காவது திருத்தத்தில் கதவு உள்பக்கம். குறிப்பு இல்லை.

வெளியே திறந்தால் கதவு அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். கட்டிலில் இருந்து பார்க்கும்போது மலையை மறைக்கும். போட்டோவில் மலை முழுதாக வரவேண்டும் என்று எனக்கு ஆசை. மவுசால் கதவைக் கிளிக் செய்து அந்தப் பக்கம் திருப்பினேன். இரண்டு நொடி வேலை. நிலோஃபர், "சார், பெரியவங்க இருக்கற இடம்..." என்று இழுத்தாள். "நாம என்ன ஆஸ்பத்திரியா கட்டறோம்?" என்றேன். ஆபீசே சிரித்தது. அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

படத்தில் மலை நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

மூன்றாவது திருத்தத்தை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. மனசாட்சி என்று நினைக்க வேண்டாம். அதன் நகல் டிரஸ்ட் ஆபீசிலும் இருக்கிறது.

மார்ச் 15, சனி

மாலை நாலு மணிக்கு மயிலாத்தாள் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து நீட்டினாள்.

"சார், எனக்கு ஒரு ஒதவி பண்ணோணுங்க. மன்னிப்பு லெட்டர் எழுதித் தரச் சொல்றாரு மேனேஜர். எழுதிக் குடுத்தா போலீசு கேசு இல்லாம வேலையோட போயிருமாம். எனக்கு எழுத்துக் கூட்டித்தானுங்க வரும். உங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நடந்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "டிரஸ்டுக்குன்னா 'மதிப்பிற்குரிய'ன்னு ஆரம்பிக்கணும்" என்றுதான் வந்தது.

பிரகதீஷ் சொன்னதை அவள் அரைகுறையாக ஒப்பித்தாள், மிச்சத்தை நானே நிரப்பி எழுதினேன். 'என்னுடைய கவனக்குறைவினால், ஓர் உயிர் போவதற்கு நானே காரணமானேன். உரிய நேரத்தில் எச்சரிக்கப்பட்டும், என் அலட்சியத்தால், அதைப் பொருட்படுத்தவில்லை.' ஒரு வாக்கியம் நீளமாக இருந்தது. இரண்டாக உடைத்தேன். ஒரு இடத்தில் சந்திப்பிழை, திருத்தினேன். கமா விட்டுப்போன இடங்களில் போட்டேன். அவள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அச்சடிச்ச மாதர இருக்குதுங் சார். என் தப்பக்கூட இத்தன அழகா எழுதிட்டீங்க."

கீழே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். நன்றி சொன்னாள். என் நல்ல காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் போனாள்.

நான் ஒரு நாய். எழுதிவைக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

சுகந்தி வரவில்லை. போனில், "கடிதம் குடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டாள். கடிதம் என்று ஒன்று இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அன்று வராந்தாவில் மயிலாத்தாளின் நம்பரை வாங்கிப் போனவள், போனில் ஆட்டுக்குட்டியைப் பற்றியா பேசியிருப்பாள்?

இரண்டு வரிக் கடிதத்தை ஆறு முறை எழுதினேன். ஆறையும் கிழித்தேன்.

மார்ச் 17, திங்கள்

பத்தரை மணி. டைனிங் ஹாலில் நாலு மேசையை ஒன்றாகப் போட்டிருந்தார்கள். சேர்மன் ஐயா, டிரஸ்ட் ஆட்கள் இருவர், பிரகதீஷ். ஓரத்தில் நின்றபடி மயிலாத்தாள். என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்ததே அவள்தான்.

பிரகதீஷ் அவளுடைய கடிதத்தை எடுத்து வாசித்தான். என் வாக்கியங்கள். இரண்டாக உடைத்த இடத்தில் சரியாக நிறுத்தி மூச்சு வாங்கினான். 'உரிய நேரத்தில் எச்சரிக்கப்பட்டும், என் அலட்சியத்தால், அதைப் பொருட்படுத்தவில்லை.' மயிலாத்தாள் தலை குனிந்திருந்தாள். எச்சரித்த ஒரே ஆள் நிலோஃபர். அந்த வாக்கியம் மயிலாத்தாளுக்கு எங்கே பொருந்துகிறது? எழுதும்போதே அது யாருடைய வாக்கியம் என்று என் கைக்குத் தெரிந்திருக்கிறது.

"சண்முகம் தம்பி, உங்க லெட்டர்?" என்றார் சேர்மன்.

"இப்ப வாசிச்சாரே, அதுதானுங்கய்யா என் லெட்டர்."

"என்ன?"

"எழுதுனது நான். செஞ்சதும் நான். பேரு மட்டும் அவங்களுது."

லேப்டாப்பைத் திறந்து மூன்றாவது திருத்தத்தையும் நான்காவதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மலை, போட்டோ, நிலோஃபரின் சிவப்புக் குறிப்பு, நான் அடித்த ஜோக், எல்லாவற்றையும் சொன்னேன். பேச ஆரம்பித்தபின் வாய் நிற்கவில்லை. வாஷ்பேசின், கூழாங்கல், கையாட்ட வைக்கிற விளக்கு வரை போய்விட்டேன். "தம்பி, உங்களுக்கு அடிபட்டது காலுலதானுங்களே?" என்று சேர்மன் கேட்டார்.

அவர் நல்ல வியாபாரி. பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. நாற்பது கதவையும் உடனே மாற்ற வேண்டும். இரண்டாம் கட்டடத்துக்கு வேறு ஆள். என்மேல் என்ன நடவடிக்கை என்று வக்கீல் சொல்வார். வேதவல்லி அம்மாளின் மகனிடம் நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மயிலாத்தாள் வேலையில் தொடரலாம். பிரகதீஷ் அந்தக் கடிதத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

மயிலாத்தாள் என்னைத் தள்ளிக்கொண்டு அறைக்கு வந்தாள். எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. வெட்கம் கெட்டவன், அவள் கும்பிட்டு நன்றி சொல்வாள், அப்போது என்ன பதில் சொல்லலாம் என்றுகூட வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அறையில் நாற்காலியை நிறுத்தி, பிரேக் போட்டு, முன்னால் வந்து நின்றாள்.

"எப்பங் சார் தெரியும் உங்களுக்கு?"

முந்தாநாள் என்று சொல்லலாம். புதன்கிழமை என்று சொன்னால் ஓரளவு நம்பும்படி இருக்கும். "வந்த அன்னிக்கே" என்றேன். "நீங்க செருப்பச் செருகுனீங்களே, அப்பவே."

"அப்ப, நான் லெட்டர் கேட்டு வந்தன்னிக்கும் தெரியும்."

"தெரியும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். பேரைச் சொல்லியே திட்டுவேன் என்றவள்தானே. திட்டினால் தேவலை என்று இருந்தது.

"கமாவெல்லாம் பாத்துப் பாத்துப் போட்டீங்களேங் சார்" என்றாள்.

மாத்திரை டப்பாவை என் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் என்னைக் குளிப்பாட்ட வேறொரு பெண் வந்தாள். பெயர் கௌசல்யா, புதுசு, தண்ணீர் அதிகச் சூடு. மயிலாத்தாள் அந்தப் பக்க வரிசைக்கு டூட்டி மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.